வலது கை

கட்டுநாயக்காவில் எட்டு வருசம்
இடது கை மட்டும் தைத்தேன்.
மணித்தியாலத்துக்குத் தொண்ணூறு.
யாருடைய கை, எந்த நாட்டுக் குளிர், தெரியாது.
இடது தோளோடு என் வேலை முடியும்.
தள்ளிவிட்டால்
எதிரே சந்தமாலி
வலது கையைப் பூட்டுவாள்.

இப்போது பொகவந்தலாவையில், லயத்துக் காம்பராவில்
தவணைக்கு எடுத்த மெசின் முன்னால்
முழுச் சட்டையொன்று என்னைப் பார்க்கிறது.
"கார்மென்ஸ்ல இருந்தவதானே,
புள்ளைக்கி ஒரு கவுன் தைக்க ஏலாதா?"
பக்கத்துக் காம்பரா யோகம்மா கேட்டாள்.
ஏலும் என்று சொல்லிவிட்டேன்.

முதலாவது, பழைய தலையணை உறையில்.
நிரோஜினிக்குத் தலை இருப்பதை மறந்து
கழுத்து வெட்டியிருந்தேன்.
நெற்றியில் இறுகி நின்றது.
உள்ளேயிருந்து குரல்:
"அம்மா, இங்க இருட்டு."
அசையாதே அசையாதே என்று
கத்தரியோடு நடுங்கியவள் நான்தான்.

இரண்டாவது, நனைக்காமல் வெட்டியது.
தோய்த்த அன்றே தொடங்கியது அடைமழை.
மூன்று நாள் அடுப்புக்கு மேலே தொங்கிப்
புகை மணத்தோடு இறங்கியபோது
பொம்மைக்குத்தான் பத்தும்.
எங்களிடம் பொம்மை இல்லை.
பூனை இருக்கிறது. அது சம்மதிக்கவில்லை.

மூன்றாவது, தேருக்கு.
மஞ்சள் வாத்து போட்ட சீத்தை, இரண்டு மீற்றர்,
அவருடைய ஒரு முழுப்பேர்க் காசு.
இந்த முறை நனைத்தேன், காயவைத்தேன்,
கழுத்தை அவள் தலையில் நூல் சுற்றி அளந்தேன்.
விடிய நாலு மணிக்குக் கடைசி நூலை அறுத்து
விளக்கடியில் தூக்கிப் பிடித்தால்
இரண்டும் இடது கை.

பேப்பரைத் திருப்பிப் போடாமல்
ஒரே பக்கமாக இரண்டு தரம் வெட்டியிருக்கிறேன்.
என்னைக் கேட்காமலே
எட்டு வருசம் பழகிய கை அது.

காலையில் போட்டுப் பார்த்தாள்.
வலது தோளில் துணி முறுக்கிக்கொண்டு
பஸ்சை மறிப்பவள் மாதிரி நின்றாள்.
பிறகு கழுத்தைத் திருப்பி, முதுகுப் பக்கம் பார்த்து,
"பின்னுக்கு வாத்தெல்லாம் செத்துப்போச்சு."
பார்த்தேன்.
எல்லாம் கால் மேலே, தலை கீழே.

பீலிக்கரைக்கு மேலே ஏறினால்தான் சிக்னல்.
சந்தமாலி இப்போது மகியங்கனையில்.
வலது கையை எப்படி வெட்டுவது என்று
என் ஓட்டைச் சிங்களத்தில் கேட்டேன்.
மூச்சு வாங்கும்வரை சிரித்தாள்.
"அனே நங்கி, நான் எங்கே வெட்டினேன்?
வந்ததைத் தைத்தேன்."

இரு என்று போய்
கொடியிலிருந்து மகனின் ஸ்கூல் சேர்ட்டை எடுத்து வந்தாள்.
முன்பக்கம் குழி கூடவாம், பின்பக்கம் குறைவாம்.
அங்கே அவள் துணியைத் தடவித் தடவிச் சொல்ல
இங்கே பனிமூட்டத்துக்குள்
என் தோளை நானே தடவிக்கொண்டு நின்றேன்.
குடத்தோடு வந்த இரண்டு பேர்
விலகிப் போனார்கள்.
குழி எவ்வளவு என்று கேட்பதற்குள் ரீலோட் முடிந்தது.

பிளேட்டால் பிரித்தேன்.
பழைய ஊசித்துளைகள் தோள் ஓரத்தில்
எறும்பு போன தடம் மாதிரி இருந்தன.
மிச்சத் துண்டு சின்னது,
வலது கை இரண்டு விரல் குட்டை.
வாத்துகளை அப்படியே விட்டேன்,
பின்னால் வருகிறவர்கள்தானே பார்ப்பார்கள்.

தேரன்று நிரோஜினி சனத்துக்குள் நுழைந்து
வலது கையை எட்டின மட்டும் நீட்டிச்
சுண்டல் வாங்கினாள்.
நான் சாமியைப் பார்க்கவில்லை,
அக்குள் தையலைத்தான் பார்த்தேன்.
நின்றது.

இரவு, பேப்பர்க் கையின் ஒரு பக்கத்தில்
என் பெயரை எழுதினேன்.
திருப்பிப் போட்டுச்
சந்தமாலி என்று எழுதினேன்.

அடுத்ததற்கு நீளத்தில் இரண்டு அங்குலம் கூட்டவேணும்.
கழுத்து பரவாயில்லை.